உயிர் காக்கும் உப்புச் சீனிக் கரைசல்

மலாக்கா நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள சிற்றூர் புக்கிட் ரம்பாய். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் கடைவரிசைகளும் எழுந்துள்ளன. லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தாமான்களில் வாழ்கின்றனர். கிணற்று நீரின் இடத்தைக் குழாய் நீர் பிடித்துவிட்டது. வாழ்க்கை இவ்வளவு மாறிய பின்னும், தோட்டத்து நாள் முதல் இன்றுவரை ஒவ்வொரு வீட்டிற்கும் அவ்வப்போது வந்துபோகும் நோய் ஒன்று உண்டு. அதுதான் வயிற்றுவலியுடன் கூடிய வயிற்றுப்போக்கு.

பெரும்பாலும் இந்நோய் இரண்டு மூன்று நாள்களில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே, பலர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ இது வந்தால் ஓர் இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 440,000 பேர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கினால் உயிரிழக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றக்கூடிய மருந்து விலையுயர்ந்தது அன்று. உப்பு, சீனி, தூய நீர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு சமையலறையிலும் இருப்பவையே. அவற்றை எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்னும் அறிவுதான் உயிரைக் காக்கிறது.

தோட்டத்து நாள்களில்

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடம் மலாக்காவே. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அதன் பின்னர் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். வந்தவர்கள் உடனே தோட்டத்திற்கு அனுப்பப்படவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு, இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் போன்ற இடங்களில் அவர்களைத் தனியே தங்க வைத்துக் கண்காணித்தனர். அக்காலத்தில் அதிகாரிகள் பெரிதும் அஞ்சிய நோய்களுள் வாந்திபேதியும் ஒன்று. காலரா என்பதும் அதுவே.

தோட்டங்களில் மலேரியாவுக்கு அடுத்தபடியாகப் பல உயிர்களைப் பறித்தவை சீதபேதியும் வயிற்றுப்போக்கும் ஆகும். இதற்குக் காரணம் மக்களின் கவனக்குறைவு மட்டுமன்று. பல தோட்டங்களில் குடிநீர் ஓடையிலிருந்தோ மூடப்படாத கிணற்றிலிருந்தோ எடுக்கப்பட்டது. முறையான கழிவறைகள் இல்லை. மழை பெய்தால் கழிவு நீர் கிணற்றில் கலந்தது. தாய்மார்கள் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்றபோது குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். பல குழந்தைகள் ஒரே இடத்தில் இருந்தமையால் ஒருவருக்கு வந்த நோய் மற்றவர்களையும் எளிதில் தொற்ற வாய்ப்பிருந்தது. பின்னாளில் குழாய் நீரும் கழிவறையும் மருத்துவ வசதியும் வந்த பிறகே இந்நிலை மாறியது.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் மலம் நீர்த்துப் போவதை வயிற்றுப்போக்கு என மருத்துவர்கள் வரையறுக்கின்றனர். மலத்தில் இரத்தமும் சளியும் கலந்திருந்தால் அது சீதபேதி எனப்படும்.

நலமாக இருக்கும் ஒருவரின் குடலுக்குள் நாள்தோறும் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. இதில் 2 லிட்டர் அளவே அவர் உண்பதிலிருந்தும் பருகுவதிலிருந்தும் கிடைக்கிறது. மீதம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்த நீர், குடல் நீர் என உடலே சுரப்பதாகும். இந்நீரில் பெரும்பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே.

நோய்க் கிருமிகள் இந்த ஒழுங்கைக் கெடுக்கின்றன. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் போன்றவை குடலின் உட்சுவரைச் சிதைத்து, நீரை உறிஞ்சும் ஆற்றலைக் குறைக்கின்றன. காலராக் கிருமி வெளியிடும் நச்சோ, குடற்சுவர் ஓயாமல் நீரையும் உப்பையும் வெளியே கொட்டும்படி செய்துவிடுகிறது. கடுமையான காலரா கண்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். குடல் சுருங்கி விரிவதால் வயிறு முறுக்கி வலிக்கிறது.

உடல் இழப்பது வெறும் நீரை மட்டுமன்று. சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் அதனுடன் வெளியேறுகின்றன. இவை குறைந்தால் இரத்த அழுத்தம் தாழும்; சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும்; இதயத் துடிப்பும் சீர்கெடும். ஆகவே, வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. எத்தனை முறை மலம் போனது என்று எண்ணுவதைவிட, இழந்த நீர் ஈடு செய்யப்பட்டதா என்று பார்ப்பதே முக்கியமாகும்.

குடலில் திறந்திருக்கும் ஒரு வழி

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு வெறும் நீரைக் கொடுத்தால் அது முழுமையாக உடலில் சேர்வதில்லை. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலும் போதிய பயன் இல்லை. ஆனால், உப்புடன் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. குடற்சுவரில் உள்ள ஒரு புரதம், சோடியத்தையும் குளுக்கோசையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவை செல்லும்போது நீரும் பின்தொடர்ந்து உடலுக்குள் செல்கிறது. இந்த உண்மையை ராபர்ட் கிரேன் என்னும் அறிவியலாளர் 1960ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். காலராவின்போதுகூட இவ்வழி மூடப்படுவதில்லை என்பதே இதன் சிறப்பு. 1968ஆம் ஆண்டில் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இரு மருத்துவர்கள், காலரா நோயாளிகளுக்கு இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பயன் கண்டனர்.

இருப்பினும், மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. நீரிழப்புக்கு நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுவதே முறையான மருத்துவம் என்று பலர் கருதினர். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடும்பத்தாரே கொடுத்துக் காலராவைச் சமாளிக்கலாம் என்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கிய நிகழ்வு 1971ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் நடந்தது.

பன்காவ் முகாம், 1971

அவ்வாண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. இன்றைய வங்காளதேசமே அன்றைய கிழக்குப் பாகிஸ்தான். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் இலட்சக்கணக்கானோர் கூடினர். மழைக்காலம் அது. நல்ல குடிநீரும் கழிவறையும் இல்லாத அம்முகாம்களில் காலரா பரவியது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தனர்.

கல்கத்தாவில் காலரா ஆய்வில் ஈடுபட்டிருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஜூன் மாதத்தில் தம் குழுவினருடன் அங்குச் சென்றார். மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் நோயாளிகள் தரையில் நெருக்கமாகக் கிடந்தனர். நரம்பு வழியாக ஏற்றும் உப்பு நீர் விரைவில் தீரும் நிலையில் இருந்தது. அதை ஏற்றத் தெரிந்த பணியாளர்களும் போதிய அளவில் இல்லை.

அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் இருந்த ஆய்வு மையத்தின் நூலக அறையில் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாகக் கட்டினர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அளவு. அவற்றை முகாமுக்குக் கொண்டுசென்று, குழாய் பொருத்திய பீப்பாய்களில் நீருடன் கலந்தனர். நோயாளிகளின் தாயோ தந்தையோ உடன்பிறந்தோரோ குவளையில் பிடித்துச் சென்று ஊட்டினர். கடும் நீரிழப்பில் மயங்கியவர்களுக்கு மட்டும் நரம்பு வழியாக நீர் ஏற்றப்பட்டது.

அக்குழுவின் பராமரிப்பில் இருந்தோரிடையே இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைந்தது. பயிற்சி பெறாத குடும்பத்தாரும் இம்மருத்துவத்தைச் செய்யலாம் என்பது கண்கூடாகத் தெரிந்தது. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘லான்செட்’ மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று கருத்துரைத்தது. திலீப் மஹலனாபிஸ் 2022ஆம் ஆண்டில் மறைந்தார். மறு ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. இன்று ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் பெயரில் அரசாங்க மருந்தகங்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் சிறு பொட்டலம் அன்றைய பீப்பாய்க் கரைசலின் வழிவந்ததே.

வீட்டில் செய்ய வேண்டியவை

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனேயே கரைசலைக் கொடுக்கத் தொடங்குவது நன்று. நாக்கு வறளும் வரை காத்திருக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மீது எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். சில பொட்டலங்கள் 250 மில்லிலிட்டர் நீருக்கும், வேறு சில ஒரு லிட்டர் நீருக்கும் உரியவை. இதைப் படிக்காமல் கலப்பது தவறு. நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். நீர் கூடினால் பயன் குறையும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலப்பது சிறந்தது. கலந்த கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத வேளையில் வீட்டிலேயே கரைசலைத் தயாரிக்கலாம். ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும். கரண்டியைக் குவித்து அளக்கக் கூடாது. விளிம்பு மட்டமாகத் தட்டி அளக்க வேண்டும். கரைசலைச் சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது. இதில் பொட்டாசியம் இல்லாததால் பொட்டலம் கிடைத்தவுடன் அதற்கு மாறுவதே நலம்.

ஒவ்வொரு முறை மலம் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், இரண்டு முதல் பத்து வயது வரை உள்ளவருக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்ட வயதினர் வேண்டிய அளவு பருகலாம். குழந்தைக்குக் குவளையை வாயில் வைத்து ஒரேயடியாக ஊற்றக் கூடாது. கரண்டியால் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு கரண்டி வீதம் மெதுவாகக் கொடுக்கலாம். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்துடன் இப்படி ஊட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால், குழந்தையை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காப்பது அந்தப் பொறுமையே.

ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்திவிடாது. இதை அறியாத பலர், “மருந்து வேலை செய்யவில்லை” என்று கருதிப் பாதியில் விட்டுவிடுகின்றனர். அதன் பணி மலத்தை நிறுத்துவதன்று. உடலில் நீரை நிறுத்துவது. கிருமி வெளியேறியதும் போக்கு தானாகவே குறையும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள்கள் வரை கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எதை உண்பது? எதைத் தவிர்ப்பது?

வயிற்றைக் காயப்போட்டால் போக்கு நிற்கும் என்னும் எண்ணம் இன்றும் சில வீடுகளில் நிலவுகிறது. இது தவறு. உணவில்லாமல் குடல் ஆறாது. குழந்தை மெலிந்து அடுத்த நோய்க்கு எளிதில் ஆளாகும். தாய்ப்பால் பருகும் குழந்தைக்கு அதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கஞ்சி, குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு போன்ற எளிய உணவுகளைச் சிறிது சிறிதாகப் பல முறை உண்ணலாம்.

பாட்டிமார் காய்ச்சிக் கொடுக்கும் உப்பிட்ட அரிசிக் கஞ்சியில் அறிவியல் உண்மை இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்து குடலில் சிதைந்து குளுக்கோசாக மாறி, உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால், சோடியம் குறைவு. ஆகவே, அதைப் பருகலாம் என்றாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. கடைகளில் விற்கப்படும் விளையாட்டு வீரர்களுக்கான பானங்களும் அப்படியே. அவற்றில் சீனி மிகுதி, சோடியம் குறைவு. அவை வியர்வையை ஈடு செய்ய உருவானவை. அதிகச் சீனி கலந்த பானங்கள் குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கை மோசமாக்கும்.

மருந்து வகையிலும் கவனம் தேவை. போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மலத்தில் இரத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ளக் கூடாது. கரி மாத்திரையை விழுங்குவதால் இழந்த நீர் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலான வயிற்றுப்போக்கு வைரஸால் வருவதால் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் அதற்குப் பயன்படாது. அண்டை வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையில் மிஞ்சியதை வாங்கி விழுங்குவது ஆபத்தான பழக்கமாகும்.

ஆபத்தின் அடையாளங்கள்

முன்னோர் தலைமுறையில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உச்சிக்குழி உள்வாங்கி, கண்கள் குழிந்திருந்தால் ‘தோஷம்’ என்பர். மந்திரித்துக் கயிறு கட்டுவதும் உண்டு. அத்தாய்மார்கள் கண்ட அடையாளம் மிகச் சரியானது. உச்சிக்குழி உள்வாங்குவது கடும் நீரிழப்பின் அறிகுறி என்றே இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அவர்கள் கூறிய காரணம்தான் வேறு. அடையாளத்தைக் கண்டதும் நாட வேண்டிய இடம் மருத்துவமனையே.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அரசாங்க மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்:

- குழந்தை சோர்ந்து கிடத்தல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருத்தல்
- அழும்போது கண்ணீர் வராமை, வாயும் நாக்கும் வறண்டிருத்தல்
- கண்களோ உச்சிக்குழியோ உள்வாங்குதல்
- ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காமை
- வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்
- கொடுத்த நீர் எல்லாம் வாந்தியாக வெளியேறுதல்
- மலத்தில் இரத்தம் காணப்படுதல் அல்லது மலம் தார் போல் கறுத்திருத்தல்
- கடும் காய்ச்சல் அல்லது விடாத வயிற்றுவலி

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் இந்த அறிகுறிகள் தோன்றும் வரை காத்திருக்கக் கூடாது. நோயாளி மயங்கிவிட்டால் 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். வழியெல்லாம் கரைசலை ஊட்டியவாறே செல்வதும் நன்மை தரும்; ஆனால், நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எல்லா வயிற்றுவலியும் ஒன்றல்ல

வயிற்றுவலி என்றவுடன் சூட்டுத் தைலம் தேய்ப்பது பலருடைய வழக்கம். சாதாரண வாயு வலிக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால், தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து, நடந்தாலோ இருமினாலோ அதிகரிக்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். காய்ச்சலும் வாந்தியும் பசியின்மையும் உடன் வரலாம். அப்போது வயிற்றை அழுத்தித் தேய்ப்பதோ பேதி மருந்து கொடுப்பதோ தீங்கை விளைவிக்கும். குடல்வால் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. அறுவை சிகிச்சையே இதற்குரிய தீர்வாகும்.

காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவர்களிடம் மேல்வயிற்று எரிச்சல் காணப்படுவதுண்டு. இதைப் பலரும் ‘கேஸ்ட்ரிக்’ என்பர். இவ்வகை வலி அடிக்கடி வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். இரைப்பைப் புண்ணுக்கு ‘ஹெலிகோபேக்டர் பைலோரி’ என்னும் கிருமி முக்கியக் காரணம் என்பதைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாணவியருக்கு மாதவிடாயின்போது ஏற்படும் அடிவயிற்று வலி இயல்பானது. எனினும், பள்ளிக்கே வர முடியாத அளவுக்கு அது கடுமையானால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

வருமுன் காத்தல்

வயிற்றுப்போக்குக் கிருமிகள் பெரும்பாலும் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கின்றன. கழிவறை சென்ற பின்னும், குழந்தையின் மலத்தைத் துடைத்த பின்னும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவினால் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கைத்தூய்மித் திரவம் நோரோ வைரசுக்கு எதிராகப் போதிய அளவு வேலை செய்வதில்லை. ஆகவே, சவர்க்காரமும் ஓடும் நீருமே சிறந்தவை.

மலேசியாவின் வெப்பமான தட்பவெப்பநிலையில் சமைத்த உணவு விரைவில் கெடும். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. எனவேதான் சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. விடியற்காலை மூன்று மணிக்குச் சமைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் காலை பத்து மணி இடைவேளை வரை பையில் கிடந்தால், அதற்கு ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. தேங்காய்ப்பால், முட்டை, இறால் சம்பல் ஆகியவை கிருமிகள் விரைந்து பெருக ஏற்றவை.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் லக்சா உண்ட பலர் நச்சுணவால் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் இருவர் உயிரிழந்தனர். சல்மோனெல்லா என்னும் கிருமியே அதற்குக் காரணமாக இருந்தது. உண்பதற்கு முன் உணவைப் பார்த்து, முகர்ந்து, சுவைத்துச் சோதிக்குமாறு சுகாதார அமைச்சு பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறது. கெட்ட உணவை விலக்க இது உதவும். ஆயினும், கிருமி கலந்த உணவு சில வேளைகளில் நல்ல மணத்துடனும் சுவையுடனும் இருக்கும். ஆகவே, சமைத்த நேரத்தையும் சமைத்த இடத்தின் தூய்மையையும் கவனிப்பது இன்றியமையாதது. உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற்று, டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது நாட்டின் நடைமுறையாகும்.

புக்கிட் ரம்பாய்க்கு அருகில் உள்ள செங்கில், சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மாசிமகத் திருவிழா ஆண்டுதோறும் சிறப்பாக நடைபெறுகிறது. இத்தகைய விழாக்களிலும் திருமணங்களிலும் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் தமிழர் விருந்தோம்பலின் அடையாளங்கள். ஆயிரம் பேருக்குச் சமைக்கும்போது கவனமும் ஆயிரம் மடங்கு வேண்டும். மோரிலும் சர்பத்திலும் கலக்கும் நீரும் பனிக்கட்டியும் தூயதாக இருக்க வேண்டும். சமைத்த சாம்பாரையும் கூட்டையும் சூடாகவே பரிமாற வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய்கறி நறுக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று சமையலிலோ பரிமாறுவதிலோ ஈடுபடாமல் இருப்பதும் ஒரு தொண்டே.

ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து தனியார் மருந்தகங்களில் கிடைக்கிறது. குழந்தை பிறந்த முதல் சில மாதங்களுக்குள்ளேயே அதைக் கொடுக்க வேண்டும் என்பதால் பெற்றோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்தாலோசிக்கலாம்.

தோட்டத்து நாள்களில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், அதைக் காக்கும் வழி அறியாமல் தாய் தவித்தாள். பன்காவ் முகாமில் எழுத்தறிவில்லாத தாய்மார்களும் குவளையும் கையுமாக அமர்ந்து தம் பிள்ளைகளைக் காத்தனர். இரு காலத்திற்கும் இடையில் பிறந்தது ஓர் எளிய அறிவு. அந்த அறிவு இன்று எல்லாருக்கும் பொதுவாக உள்ளது. இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வீட்டின் மருந்துப் பெட்டியில் வைத்திருப்பதும், அவற்றைக் கலக்கும் முறையைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பதும் எந்த வீட்டிற்கும் இயலாத செயலன்று.